சொல்லிக்கொண்டு அணையும் கம்ப்யூட்டர்

கரண்ட் போய்த் திரும்பி வந்தால், எங்கள் வீட்டு முன்னறையிலிருந்து என் கணவர் "வந்துட்டேன்" என்பார். அவர் இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன.

பயப்படும்படி ஒன்றும் இல்லை. நான் பயந்தேன் என்பது வேறு விஷயம். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் எங்கள் வீடு. முன்னறைதான் கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று எது வந்தாலும் தமிழில் அடித்து, அழகாக அமைத்துக் கொடுக்கிற டிடிபி வேலை. நான் டைப் அடித்துப் பிழை பார்ப்பேன், அவர் வடிவமைப்பார். அச்சடிக்கிற பிரஸ் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் பழைய விண்டோஸ் ஏழு. எங்கள் தமிழ் எழுத்துருக்கள் அதற்கு மேல் எதிலும் ஒழுங்காக ஓடாது என்பதால் அதை நாங்கள் மாற்றவே இல்லை.

அந்த விண்டோஸ் திறக்கும்போதும் மூடும்போதும் ஒரு மணியோசை எழுப்பும். அவருக்கு அது பிடிக்காது. "ஆஸ்பத்திரி லிஃப்ட் மாதிரி இருக்கு" என்பார். ஓர் ஆடி மாதம், கல்யாண வேலை எதுவும் இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், ஹெட்ஃபோன் மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டு தன் குரலையே பதிவு செய்தார். திறந்தால் "வந்துட்டேன்". பென் டிரைவ் சொருகினால் "வாங்க, வாங்க". தப்பாக எதையாவது அழுத்தினால் ஒரு "ப்ச்". மூடினால் "போயிட்டு வரேன்".

"வயசுக்கேத்த வேலையா இது?" என்று கேட்டேன்.

"கடைக்கு வர்றவங்களை நீதான் வாங்கன்னு கேக்கறதில்ல. அதுவாவது கேக்கட்டுமே" என்றார்.

கரண்ட் போய் வந்தால் யாரும் தொடாமல் கம்ப்யூட்டர் தானாக ஆன் ஆகிறபடியும் உள்ளே எதையோ மாற்றி வைத்தார். எங்கள் யுபிஎஸ் பெயருக்குத்தான் இருந்தது. அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது.

அவர் போன அன்று நான் ஃபோனில் இருந்தேன். ஒரு மாப்பிள்ளை வீட்டார் தாய்மாமன் பெயருக்கு முன்னால் இனிஷியல் விட்டுப்போச்சு என்று என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பிரஸ்ஸிலிருந்து வேறொரு பத்திரிகைக் கட்டை வாங்கிவர அவர் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினார். டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். சத்திரத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் இவர் இறங்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்துக் கண்டக்டர் தோளைத் தட்டியிருக்கிறார். மாரடைப்பு என்றார்கள். காவிரிப் பாலத்தின் மேல் பஸ் வரும்போதே நடந்திருக்கும் என்றார் டாக்டர்.

எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. தெருமுனைக்குப் பால் வாங்கப் போனாலும் "போயிட்டு வரேன்" என்று சொல்லிக்கொண்டு போகிற மனிதர். அன்றைக்கு மட்டும் வாயில் என்ன கொழுக்கட்டையா? நான் ஃபோனில் இருந்தால் என்ன, சொன்னால் காதில் விழாதா? "சொல்லிக்காம போயிட்டார்" என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதேன். எல்லா வீட்டிலும் சொல்கிற பேச்சு என்றுதான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் பேச்சுக்காகச் சொல்லவில்லை.

கருமாதிப் பத்திரிகையை வேறு கடையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நானே உட்கார்ந்தேன். எத்தனையோ பேருக்கு நாங்கள் அடித்துக் கொடுத்த அதே வாசகம்தான். போன மாதம் இறந்த ஒருவரின் பெயரை அழித்துவிட்டு இவர் பெயரை அடித்தேன். கறுப்புக் கட்டம் போட்டேன். ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்தேன். பிரஸ்ஸுக்கு அனுப்பினேன். பிறகு, வேலை முடிந்தால் செய்கிற வழக்கப்படி கம்ப்யூட்டரை மூடினேன்.

"போயிட்டு வரேன்" என்றார்.

அடுப்படியிலிருந்து என் மகள் ஓடி வந்தாள். அவள் பயந்தது அந்தக் குரலுக்கு இல்லையாம். நான் சாதாரணமாக "சரி, வாங்க" என்று பதில் சொன்னதைக் கேட்டுத்தான் பயந்தாளாம். சொன்னதே எனக்குத் தெரியவில்லை. வாய் அதன்பாட்டுக்குச் சொல்லியிருக்கிறது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் எங்களுக்குள் அது நடந்தது. அவர் "போயிட்டு வரேன்" என்பார், நான் "சரி, வாங்க" என்பேன். கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் வருகிற நாட்களில் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வேன். மழைக்காலங்களில் கரண்ட் போகும். வீடு இருண்டு, மின்விசிறி நின்று, நான் அடுப்படியில் தனியாக உட்கார்ந்திருப்பேன். கரண்ட் வரும். விசிறி சுற்ற ஆரம்பிக்கும். கொஞ்சம் பொறுத்து முன்னறையிலிருந்து "வந்துட்டேன்" என்று கேட்கும். முதல் தடவை கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். நாற்காலி காலியாக இருந்தது, திரை மட்டும் ஒளிர்ந்தது. அதன் பிறகு ஓடுவதை விட்டேன். ஆனால் கை டம்ளரை எடுத்து டிகாஷனை ஊற்றத் தொடங்கிவிடும். பாதி ஊற்றியபின் நினைவு வரும். அதை நானே குடித்துவிடுவேன்.

கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் எங்கள் பழைய வாடிக்கையாளர். சஷ்டியப்தபூர்த்திப் பத்திரிகைக்குப் புகைப்படங்களைப் பென் டிரைவில் கொண்டுவந்தார். சொருகினேன். "வாங்க, வாங்க" என்று கேட்டதும் பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். "ரங்கா, ரங்கா! அவர் குரல்னா இது?" என்றார். நான் விளக்கிச் சொன்னேன். புரிந்துகொண்டார். ஆனாலும் அதற்குப் பிறகு அவர் கடைக்குள் கால் வைத்ததில்லை. வாசலில் நின்றபடியே, "அடியேன் இங்கேயே இருக்கேன், நீங்க பார்த்துட்டுச் சொல்லுங்கோ" என்பார்.

மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். ஊருக்கு வந்தால் முதல் வேலையாக ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிவிடுவாள்.

"அப்பா அங்கயே உக்காந்திருக்கற மாதிரி இருக்கும்மா. என்னால இந்த வீட்ல இருக்க முடியல."

"உக்காந்திருந்தா என்னடி? உங்க அப்பாதானே?"

நான் ஒன்றும் புத்தி பேதலித்தவள் இல்லை. அது ஒரு சின்ன ஒலிக்கோப்பு என்று எனக்குத் தெரியும். எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதுகூடத் தெரியும். ஆனால் விளக்கு வைக்கிற நேரத்தில் முன்னறையில் இருந்து அந்தக் குரல் வரும்போது, தெரிந்ததெல்லாம் எங்கேயோ போய்விடும்.

போன மழைக்காலத்தில் கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று அணைய ஆரம்பித்தது. வேலை நடுவில் இருக்கும்போதே சட்டென்று திரை கறுத்துவிடும். விடைபெறுகிற குரல் கிடையாது. ஒன்றுமே கிடையாது. கை மவுஸைப் பிடித்தபடி நிற்க, எதிரில் என் முகம் மட்டும் அந்தக் கண்ணாடியில் தெரியும். இரண்டாவது தடவையும் சொல்லிக்கொள்ளாமல் போகப் பார்க்கிறார் என்று தோன்றியது.

பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டர் கடைக்காரர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். பழசைத் தூக்கிப் போடுங்கள், புதுசு வாங்குங்கள், புது விண்டோஸ் போட்டுத் தருகிறோம். அதில் மூடும்போது என் கணவரின் குரல் வருமா என்று கேட்டேன். ஒருவர் பரிதாபமாகப் பார்த்தார். "புது விண்டோஸ்ல மூடும்போது சத்தமே கிடையாதுங்க. அதை எடுத்துட்டாங்க" என்றார். பேசாமல் அணைந்துபோகிற கம்ப்யூட்டர். அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமாம்.

மகள் ஃபோனில் சமாதானம் சொன்னாள். "அந்த ஃபைலை உன் ஃபோன்ல போட்டுத் தரேம்மா. எப்ப வேணும்னாலும் கேட்டுக்க."

"எப்ப வேணும்னாலும் கேக்கறதுக்கு அவர் என்ன ரேடியோவா?" என்று கத்தினேன்.

நான் சொல்ல வந்ததை அவளுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன். நான் பொத்தானை அழுத்தி, கேட்க வேண்டும் என்று கேட்டால் அது வெறும் பதிவு. நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்த்து, கடையை மூடும்போது அவர் பாட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால், அது குடித்தனம். எனக்குக் குடித்தனம்தான் வேண்டும். அவர் எதை எங்கே வைத்தாரோ அது அங்கேயே இருக்க வேண்டும், நான் கைவைக்கக் கூடாது.

பிரஸ்காரர் ஒரு பாயைப் பற்றிச் சொன்னார். வளைகுடாவில் பல வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, பெரிய கடை வீதிக்குப் பின்னால் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார் என்றார். சிபியூவை ஒரு பழைய போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினேன். "பின்னாடி வச்சுடலாங்க" என்றார் ஓட்டுநர். "பின்னாடி வைக்க அது மூட்டையா?" என்று மடியிலேயே வைத்துக்கொண்டேன். காவிரிப் பாலத்தில் ஏறியதும் அதை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அந்தப் பாலத்தை நான் அவரோடு சேர்ந்து கடந்தது அவர் போன பிறகு அதுதான் முதல் தடவை.

பாய் வாயாடி. சிபியூவைத் திறந்ததும், "என்னக்கா, கோயில் விபூதியெல்லாம் உள்ளதான் கொட்டுவீங்களா?" என்றார். தூசியை ஊதிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். பலகையின் மேல் சின்னச் சின்ன டப்பாக்கள் போல நிற்கிறவற்றில் சில, தலை உப்பி வெடிக்கிற பதத்தில் இருந்தன. "போர்டு மவுத்தாயிடுச்சுக்கா" என்று, செத்துப்போச்சு என்பதை அவர்கள் வழக்கில் சாதாரணமாகச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்கங்கக்கா, வாய் தவறிடுச்சு" என்றார்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் ஸ்க்ரூடிரைவரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"போர்டு, ப்ராசசர், ரேம் மூணையும் மாத்தணும். ஆனா விண்டோஸைத் தொடக்கூடாது. அதானே?"

"அதேதான் பாய்."

"வீட்டுல ஒரு சாமானையும் இறக்காம அஸ்திவாரத்தை மட்டும் மாத்தச் சொல்றீங்க. பண்ணலாம். இன்ஷா அல்லாஹ் வந்துடும். வரலேன்னா என்னைத் திட்டக்கூடாது."

"திட்டுவேன்" என்றேன்.

அதிலிருக்கிற கஷ்டங்களை வேலை செய்தபடியே அடுக்கினார். இந்தப் பழைய விண்டோஸுக்குப் புதுசாக வருகிற போர்டுகளை அடையாளம் தெரியாதாம். கீபோர்டைக்கூடத் தெரியாத மாதிரி நடந்துகொள்ளுமாம். அதனால் பழைய விண்டோஸுக்கு அடையாளம் தெரிகிற நடுவயது போர்டாக ஒன்றைத் தேடிப் பிடித்தார், ஏற்கெனவே யாரோ பயன்படுத்திய ஒன்று. முதலில் டிஸ்கை அப்படியே ஒரு பிரதி எடுத்தார். பிறகு செத்துக்கொண்டிருந்த போர்டிலேயே அதை ஆன் செய்து, அது அணைந்துவிடுவதற்குள் பழைய போர்டுக்கென்று விண்டோஸ் வைத்திருந்த டிரைவர் என்கிற சின்ன மென்பொருள்களை ஒவ்வொன்றாக நீக்கினார். பாதியில் ஒருமுறை அணைந்தது. நான் முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

புது போர்டில் மாட்டி ஆன் செய்தார். விண்டோஸ் படம் வந்தது. உடனே, கோளாறு என்று சொல்கிற நீலத்திரை. திரும்பத் தானாகத் தொடங்கியது. மறுபடி நீலத்திரை. "அது தன்னோட டிஸ்கைத் தேடுதுக்கா. பழைய போர்டு ஒரு மாதிரி காட்டிச்சு, இது வேற மாதிரி காட்டுது" என்று சொல்லி உள்ளே போய் ஒரே ஓர் அமைப்பைப் பழைய முறைக்கு மாற்றினார். மூன்றாவது தடவையும் அந்த நீலம் வந்தால் எழுந்து போய்விடுவது என்று இருந்தேன். எங்கே போவேன் என்று தெரியவில்லை.

"வந்துட்டேன்."

அந்த நெரிசலான சந்தில், பைக் சத்தத்துக்கும் ஹாரனுக்கும் நடுவில், அவர் சொன்னார். பாய் தன்னையறியாமல் "வாங்கண்ணே" என்றார். நான் அழுதேன். அங்கே உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் வெளியே பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரையின் ஓரத்தில் ஒவ்வொன்றாகப் புதிய பொருள் கண்டுபிடிக்கப்பட்டது என்று செய்தி வந்துகொண்டிருந்தது. கண் விழித்த மனிதர் தான் படுத்திருக்கிற அறையைச் சுற்றிப் பார்ப்பதுபோல இருந்தது. கடைசியில் இது அதே கம்ப்யூட்டர்தானா என்று விண்டோஸ் சந்தேகம் கேட்டது. பாய் ஏதோ எண்களை அடித்து, அதேதான் என்று ஒப்புக்கொள்ள வைத்தார்.

கரண்ட் வந்தால் தானாக ஆன் ஆகிற விஷயத்தைக் கேட்டேன். "அது போர்டுல இருந்த செட்டிங்க்கா. போர்டோட போயிடுச்சு. நான் இதுல போட்டுத் தந்துடறேன்" என்றார். போட்டும் தந்தார். ஆனால் அந்த ஒன்றை இனி என் கணவர் செய்தது என்று சொல்ல முடியாது. மனதில் ஒரு முள் குத்தியது.

மூடும்போது ஸ்பீக்கரைக் கழற்றச் சொன்னேன். "அதை நான் வீட்லயே கேட்டுக்கறேன் பாய்." அவருக்குப் புரிந்தது. கிளம்பும்போது பழைய டிஸ்கைக் குமிழ் உறையில் சுற்றிக் கையில் கொடுத்தார். "இனிமே இது சும்மா பத்திரத்துக்குத்தான். உள்ள எஸ்எஸ்டின்னு வேகமான புது டிஸ்க் போட்டிருக்கேன், எல்லாம் அப்படியே அதுல இருக்கு. இனி பறக்கும் பாருங்க. என் சார்பா வச்சுக்கங்கக்கா."

அன்று சாயங்காலம் முன்னறையில் எல்லா ஒயரையும் மாட்டினேன். ஆன் செய்தேன். "வந்துட்டேன்" என்று பளிச்சென்று கேட்டது. ஒரு வளைகாப்புப் பத்திரிகையை அடித்தேன். கம்ப்யூட்டர் உண்மையிலேயே பறந்தது. நான் அடிப்பதற்கு முன்னாலேயே எழுத்து வந்து நின்றது. வெளியே இருட்டத் தொடங்கியதும், முகம் கழுவி, விளக்கேற்றிவிட்டு வந்து மூடினேன்.

"போயிட்—"

அவ்வளவுதான். திரை கறுத்தது. சிபியூவுக்குள் இருந்த விசிறி நின்றது. வீடு அப்படியே அமைதியாகிவிட்டது.

மறுபடி ஆன் செய்து மூடினேன். "போயிட்—" மறுபடியும் செய்தேன். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் யாரோ வாயைப் பொத்துவது போல அறுந்தது. பாயைக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டே அவர் பயந்துவிட்டார்.

"அக்கா, புரிஞ்சுடுச்சு. தப்பு என்னுதுதான். பழைய சிஸ்டம் மெதுவா மூடும். எல்லாத்தையும் ஒவ்வொண்ணா எடுத்து வச்சுட்டு நிக்கறதுக்குள்ள அண்ணன் முழுசாப் பேசிடுவாரு. இப்ப நான் போட்ட டிஸ்க் வேகமா இருக்கா, அவரு முடிக்கறதுக்குள்ள ஆஃப் ஆயிடுது. நாளைக்குக் கொண்டாங்க. பழைய டிஸ்கையே மாட்டித் தந்துடறேன். சிஸ்டம் மெதுவாயிடும், ஆனா முழுசாச் சொல்லுவாரு."

சரி என்றேன். மறுநாள் காலையில் ஆட்டோவை வரச் சொன்னேன். போர்வையையும் பழைய டிஸ்கையும் நாற்காலியில் எடுத்து வைத்தேன். ஓர் அவசரப் போஸ்டரை மட்டும் அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பிவிட்டு, ஒயர்களைப் பிடுங்குவதற்கு முன்னால் கம்ப்யூட்டரை மூடினேன்.

"போயிட்—" என்றார்.

நேற்று அது எனக்கு ஒரு கோளாறாகத்தான் கேட்டது. இப்போது ஒரு மனிதர் பேச ஆரம்பித்து, நேரம் போதாமல் நின்றதாகக் கேட்டது. பஸ் ஜன்னலோரம் அவர் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது. கீழே காவிரி. நெஞ்சைப் பிடித்திருப்பார். என்னைத்தான் நினைத்திருப்பார், வேறு யாரை நினைக்கப் போகிறார்? ஃபோன் பேசுகிறவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று கையாட்டிவிட்டு வந்தோமே, சொல்லவில்லையே என்று சொல்ல ஆரம்பித்திருப்பார். அதற்குள் ஆகிவிட்டது. இத்தனை வருடமும் அவர்மேல் நான் வைத்திருந்த கோபத்துக்கு அவர் என்ன செய்வார்? முழு வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு நேரம் கொடுத்தது ஒரு பழைய டிஸ்க்தான். உண்மையில் அவருக்கு அந்த நேரம் கிடைக்கவே இல்லை.

பதில் சொல்ல வாய் திறந்தேன். "வாங்க" என்று வரவில்லை.

"சரி, போங்க" என்றேன். சத்தமாகவே சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது.

வாசலில் நின்ற ஆட்டோக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, "என்னையாங்க போகச் சொன்னீங்க?" என்றார்.

"உங்களையும்தான்" என்றேன்.